முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே நம்பர்

ஆயம்மாளை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐரோப்பாவிலிருந்து மெயிலில் வந்திருந்த முப்பத்தெட்டு ஒலிப்பதிவுகளை ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். முப்பத்தெட்டிலும் ஒரே குரல்.

முதல் பதிவில் இயந்திரப் பெண் குரல் ஒன்று அச்சுத்தமிழில் கேட்கிறது. "டோக்கன் எண் இருநூற்றுப் பதினாறு. உங்கள் பணியிடத்தில் குடிநீர் கிடைக்கிறதா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்."

"இரு கண்ணு, கண்ணாடியப் போட்டுக்கறன்," என்கிறது எதிர்க்குரல். பிறகு, "கெடைக்குது கெடைக்குது. ரெண்டாவது மாடியில மட்டும் மத்தியானத்துக்கு மேல சூடா வருதாமா. அதுக்கு எதை அமுத்தோணும்?"

இயந்திரம் காத்திருக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. "ஏம்மா, கேட்டுப்போட்டு நீயே ஓடறயே," என்றது அந்தக் குரல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மெயிலில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

நான் வேலை செய்வது திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில். வெளிநாட்டில் சட்டை வாங்கும் பையர்கள், 'உங்கள் தொழிலாளிகள் எப்படி இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் வேலை, எத்தனை கழிப்பறை' என்றெல்லாம் கேட்பார்கள். அதற்கான காகிதங்களைச் சேர்த்து அனுப்புவது என் வேலை. காம்ப்ளையன்ஸ் என்று பெயர். பொங்கலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இந்தச் சொல் யாருக்கும் தெரியாது. 'தம்பி கம்பெனியில இங்கிலீசுல எழுதற வேலை பாக்குது' என்று என் அப்பா சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இந்த முறை பையர் புதுமாதிரி ஒன்றைச் செய்திருந்தார்கள். தணிக்கைக்கு ஆள் அனுப்பினால் கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் தொழிலாளிகள் சொல்கிறார்கள் என்று, நேராகத் தொழிலாளியின் செல்போனுக்கே அழைப்பு. கம்பெனியில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கும் டோக்கன் எண்ணும் போன் நம்பரும் மட்டும் கொடுங்கள் என்றார்கள். பதிவேட்டில் இருந்த இருநூற்று நாற்பது பேருடைய நம்பரையும் அனுப்பியது நான்தான். அதில் முப்பத்தெட்டு வரிகளில் ஒரே நம்பர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டர் கவனித்துவிட்டது.

மெயிலின் சாரம் இது: 'உங்கள் நிர்வாகம் ஒரு பெண்ணை அமர்த்தி, தொழிலாளிகளின் பெயரில் பதில் சொல்ல வைத்திருப்பதாகச் சந்தேகிக்கிறோம். பன்னிரண்டு நாட்களுக்குள் அந்த முப்பத்தெட்டுப் பேரின் பெயர், சொந்த ஊர், சொந்தப் போன் நம்பர், கையெழுத்திட்ட சம்மதப் படிவம் ஆகியவற்றை எங்கள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இல்லையேல் நாங்கள் சரக்கு வாங்கும் பட்டியலிலிருந்து உங்கள் கம்பெனி நீக்கப்படும்.'

எங்கள் ஜெனரல் மேனேஜர் மகுடேஸ்வரன் சார் ஒரு பதிவை மட்டும் கேட்டார். "நம்ம ஆளுகளப் பத்தி நமக்கே தெரியாததெல்லாம் இந்தம்மாளுக்குத் தெரியுதேய்யா. யாரு இது?" என்றார்.

அதுதான் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

நம்பரை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே ஆயம்மாள் எடுத்தார். வழி சொன்னார். அன்று மத்தியானமே போனேன்.

அது பதினாலு அறைகள் கொண்ட லைன் வீடு. நடுவில் தண்ணீர்த் தொட்டி, ஓரத்தில் வெந்நீர் அடுப்பு. வீட்டுக்காரர் கோயமுத்தூரில் இருக்கிறார். அறைகளைப் பார்த்துக்கொள்வதும், மோட்டார் போடுவதும், குடிவருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பதும் ஆயம்மாள். சொந்த ஊர் அமராவதி ஆற்றங்கரையில் கொமரலிங்கம். கணவர் தவறிய பிறகு பனியன் கம்பெனிக்கு வந்து, இருபத்திரண்டு வருடம் செக்கிங்கில் நின்று, துணியில் ஓட்டையும் கறையும் தேடித்தேடிக் கண் மங்கியதும் இந்த வேலைக்கு வந்தவர். தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு துணிப்பை. பைக்குள் பட்டன் போன். அந்தப் போனைத் தேடித்தான் ஐரோப்பாவிலிருந்து முப்பத்தெட்டு முறை மணி அடித்திருக்கிறது.

"வாங்க கண்ணு. கம்பெனியிலிருந்தா? உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா, மோரு குடிக்கறீங்களா?"

"ஏனுங்கம்மா, முப்பத்தெட்டுப் பேரு எதுக்குங்க உங்க நம்பரக் குடுத்தாங்க?"

அவர் என்னைக் கொஞ்சம் வேடிக்கையாகப் பார்த்தார். "உங்க கம்பெனியில உள்ள போறப்ப போனக் கேட்டுல வாங்கி வெச்சுக்கறீங்கல்ல?"

"ஆமாங்க."

"பொறவு ஊருல ஒரு கேடு நல்லதுன்னா யாரு எடுப்பாங்க? உங்க கேட்டுல இருக்கற பெட்டியா எடுக்கும்? நம்பருன்னா எடுக்கற ஆளு இருக்கற நம்பராத்தான குடுக்கோணும்."

பதிவேட்டில் அந்தக் கட்டத்துக்கு நாங்கள் வைத்திருந்த தலைப்பு 'தொடர்பு எண்' என்பதுதான். தொடர்பு கொள்ள முடிகிற எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்தான் ஆளுக்கு அடையாளம் என்று நினைத்தது நானும் பையரின் கம்ப்யூட்டரும்.

"அப்ப அந்தக் கேள்விக்கெல்லாம் நீங்க எதுக்குங்க பதில் சொன்னீங்க? அவங்களக் கூப்புட்டுருக்கலாமல்ல?"

"காத்தால பதினோரு மணிக்கு அடிச்சா எங்க போயிக் கூப்புடறது? டோக்கன் நம்பரச் சொல்லிச் சொல்லித்தான கேட்டா அந்தப் பொண்ணு. எந்த டோக்கன் எந்த ரூமுன்னு எனக்குத் தெரியும். இருநூத்திப் பதினாறு நம்ம சின்னான். பொழுது சாய வந்தா தண்ணி சூடுங்கறதுதான் அவனுக்குப் பேச்சு. எனக்குத் தெரியாத கேள்விக்கு நான் அமுத்துல. கேட்டுப் பாருங்க."

உண்மைதான். பன்னிரண்டு பதிவுகளில், 'மேற்பார்வையாளர் உங்களைத் திட்டுகிறாரா' என்ற கேள்விக்கு, "அது அவங்களத்தான் கேக்கோணும், நீ பொழுதோட கூப்புடு" என்று சொல்லி வைத்திருந்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. "சொல்லுங்... ஆமாங்... ஆறாம் நம்பரு ரூமுங்களா... சரிங், சொல்லிப்போடறனுங்." பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, பெரிய பெரிய எழுத்தாக இரண்டு வரி எழுதினார். நோட்டில் பாதிப் பக்கங்கள்தான் மிச்சம் இருந்தன. கிழித்த ஓரங்கள் பல்போல் நின்றன.

"கிழிச்சதெல்லாம் எங்கங்க?"

அடுப்பைக் காட்டினார். "சேதி சொன்ன பொறவு அது எனக்கென்னத்துக்கு? அடுத்தவங்க ஊட்டுச் சேதி. இருந்தா யாராச்சும் எடுத்துப் பாக்கத்தான் செய்வாங்க."

நான் என் செல்போனில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முழுவதும் கேட்டு முடித்துத்தான் பேசினார்.

"இது சீமைக்குப் போயிட்டா வந்துச்சு?"

"ஆமாங்க."

"அங்க இன்னும் இருக்குதா, இல்ல உங்களுக்கு அனுப்பிச்சதோட சரியா?"

"இருக்குமுங்க."

"எந்த ஊருல?"

எனக்குத் தெரியவில்லை. பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் படித்தவன், இங்கிலீசில் எழுதுகிறவன், மாதாமாதம் அந்தத் தளத்தில் விவரம் ஏற்றுகிறவன். அது எந்த ஊரில் போய் உட்காருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்தாவது வரை படித்த ஆயம்மாளுக்கு அது முதல் கேள்வியாக வந்தது.

சம்மதப் படிவத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், போட்டோ. கடைசியில் 'சம்மதிக்கிறேன்' என்று ஒரு கட்டம்.

"இதையெல்லாம் யாரு பாப்பாங்க?"

"பையரு பாப்பாங்க. அவங்களோட கூட்டாளிக கம்பெனி கொஞ்சம்."

"கூட்டாளின்னா?"

படிவத்தை மறுபடியும் புரட்டினேன், அதில் விளக்கம் இல்லை.

ஆயம்மாள் போனைத் துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டினார். "முப்பத்தேழு பேரு கையெழுத்துப் போடுவாங்க கண்ணு. நாளைக்குச் சாயங்காலம் நானே சொல்லி வாங்கித் தாரன். ஒருத்தி போட மாட்டா. யாருன்னு என்னையக் கேக்காதீங்க."

அவர் கேட்காதே என்றாலும் யார் கையெழுத்து இல்லையோ அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது. இங்கே எழுதவில்லை, மாவட்டத்தையும் எழுதவில்லை. பெயரை விட்டுவிட்டு ஆயம்மாள் சொன்ன கதை இவ்வளவுதான்: வீட்டில் பேசி முடித்த கல்யாணம் பிடிக்காமல் பஸ் ஏறி வந்துவிட்ட பெண். அவரைத் தேடி அவருடைய அண்ணன் திருப்பூருக்கே வந்து, பையர்களுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவில் இருக்கும் ஓர் ஏஜென்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லைன் வீடு லைன் வீடாகப் போட்டோவைக் காட்டி விசாரிக்கிறான். ஆயம்மாளிடமும் காட்டியிருக்கிறான்.

"இந்த மொகத்துல இங்க ஆருமில்லீங்கன்னு சொல்லியுட்டன்," என்றார்.

படிவத்தில் இருந்த 'கூட்டாளி' யார் என்று அப்போதுதான் யோசித்தேன். ஏஜென்ட் ஆபீசு என்றாரே.

மறுநாள் நித்தீசைப் போய்ப் பார்த்தேன். என்னோடு கல்லூரியில் படித்தவன், வேறோர் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறான். "அந்தத் தளத்துல உனக்கு என்னடா தெரியும்?" என்று கேட்டேன்.

"என்ன தெரியாதுன்னு கேளு," என்று திறந்து காட்டினான். எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியின் தொழிலாளிகள். பெயர், ஊர், போட்டோ. தேடுவதற்கு மேலே ஒரு கட்டம். ஊர்ப் பெயரை அடித்தால் அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"இது உனக்கு எதுக்குடா?"

"எனக்கெதுக்கு? லாகின் குடுத்தாங்க, இருக்குது."

திருப்பூரிலிருந்து கடல் தாண்டிப் போன பெயர், திரும்பி வந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேசைமேல் கிடக்கிறது. அப்படி ஒரு மேசையில்தான் அந்த அண்ணனும் உட்கார்ந்திருக்கிறான்.

அன்று மத்தியானம் முழுக்க அந்தத் தளத்தின் தகவல் கொள்கையைப் படித்தேன். இருபத்திரண்டு பக்கம். மூன்று வருடமாக 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று டிக் அடித்துக்கொண்டிருந்தேன், படித்தது அன்றுதான். பதினாலாம் பக்கத்தில் 'உள்ளூர்க் கூட்டாளிகளுடன் பகிரப்படலாம்' என்று இருந்தது. பதினேழாம் பக்கத்தில், சம்மதம் தர மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றும் இருந்தது. ஆனால் படிவத்தில் மறுப்பதற்குக் கட்டம் இல்லை. நம் நாட்டிலும் தனிநபர் தகவலுக்கு என்று சட்டம் வந்திருக்கிறதே என்று அதையும் தேடிப் படித்தேன். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அவரவர் மொழியில் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு வந்தது இங்கிலீசில் மட்டும்.

மகுடேஸ்வரன் சாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கம்பெனியில் இருநூற்று நாற்பது பேர்.

"ஏப்பா, ஒருத்தருக்காக எல்லாரும் ஊட்டுக்குப் போறதா? பேர மாத்திப் போட்டு, நீயே ஒரு கையெழுத்தப் போட்டு ஏத்தியுடு. எவன் வந்து பாக்கப் போறான்?"

சரி என்றுதான் எனக்கும் தோன்றியது. சொல்லப்போனால் ஒரு பொய்ப் பெயரைக்கூட யோசித்து வைத்துவிட்டேன். சாயங்காலம் கையெழுத்து வாங்கப் போனபோது ஆயம்மாளிடம் சொன்னேன்.

"வேண்டாங் கண்ணு."

"ஏனுங்கம்மா? அந்த அண்ணன்கிட்ட ஆருமில்லைன்னு நீங்களும் பொய்தானுங்க சொன்னீங்க."

"வாயில சொன்னது அவனோட போயிருச்சு. எழுதுனது அங்கியே கெடக்குமல்ல? நாளைக்குக் கம்பெனியில தீயோ கீயோ ஒண்ணுன்னா, அந்தப் பேருக்கு ஆரு வருவா? இல்லாத ஒருத்திக்கு என்ற புள்ளையத் தொலைக்கச் சொல்றீங்களா?" பிறகு குரலைத் தணித்து, "அந்தச் சீமைக்காரங்ககிட்டயே கேட்டுப் பாக்கலாமல்ல. எதுக்குப் பொய்யி? வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான?" என்றார்.

முப்பத்தேழு கையெழுத்து வாங்கினோம். நல்லான் என்பவர் மட்டும், "இது லோன் காகிதம் இல்லியே?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுப் போட்டார்.

ஐந்தாம் நாள் பையருக்கு மெயில் எழுதினேன். நான்கு முறை அடித்துத் திருத்தினேன். முப்பத்தெட்டுப் பேர் ஒரே நம்பரைக் கொடுத்த காரணம், முப்பத்தேழு பேரின் சொந்த நம்பர், சம்மதம் தராத ஒருவரை டோக்கன் எண்ணால் மட்டும் காட்ட முடியுமா என்ற கேள்வி, கடைசியில் பதினேழாம் பக்கத்து வரி. மகுடேஸ்வரன் சார் படித்துவிட்டு, "போச்சுன்னா உன்ற தலையிலதான்," என்று சொல்லி அனுப்பச் சொன்னார்.

எட்டாம் நாள் பதில் வந்தது. பதில் சொன்ன பெண்மணியை நேரடியாக வீடியோவில் பார்க்க வேண்டுமாம்.

பத்தாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஆயம்மாள் எங்கள் மீட்டிங் ரூமுக்கு வந்தார். ஏ.சி. குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். திரையில் இரண்டு பேர். ஒருவர் பையர் கம்பெனியில் தொழிலாளர் தகவல்களுக்குப் பொறுப்பான அதிகாரி, நரைத்த தலை, அநேகமாக ஆயம்மாள் வயது. இன்னொருவர் சென்னையிலிருந்து பேசும் மொழிபெயர்ப்பாளர்.

"மற்றவர்கள் சார்பில் பதில் சொல்லும்படி உங்களிடம் யாராவது கேட்டுக்கொண்டார்களா என்று கேட்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"இல்லீங்க. போனு அடிச்சுதுங்க, எடுத்தனுங்க."

"முப்பத்தெட்டு முறையுமா?"

"நீங்க முப்பத்தெட்டு வாட்டி அடிச்சீங்களே."

மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். அதிகாரியும் சிரித்தார். பிறகு முகம் மாறி, நிதானமாக நீளமாகப் பேசினார். அந்த ஒரு தொழிலாளி உண்மையிலேயே இருக்கிறாரா என்று உறுதி செய்வது தங்கள் கடமை, இல்லாத ஆட்களைக் கணக்குக் காட்டும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறோம், பெயரும் சொந்த ஊரும் தங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று மொழிபெயர்ப்பு வந்தது.

ஆயம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். "நல்லதுங்க," என்றார். "உங்க ஊட்டு நம்பரும் ஊட்டு விலாசமும் எனக்குக் குடுங்க. நானும் பத்தரமா வெச்சுக்கறன்."

மகுடேஸ்வரன் சார் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி உடனே, பழக்கப்பட்ட வேகத்தில் பதில் சொன்னார். அது எனக்கே புரிந்தது. ஊழியர்களின் சொந்த விவரங்களை வெளியாருக்குத் தருவதில்லை என்பது தங்கள் கம்பெனிக் கொள்கை என்றார்.

மொழிபெயர்ப்பு வந்து சேரும்வரை ஆயம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதேதானுங்க," என்றார். "வேற ஒண்ணுமில்லீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண் வேலை செய்வதை யாராவது நேரில் பார்த்துச் சொல்ல முடியுமா, பெயர் வேண்டாம், என்று கேட்டார். கோயமுத்தூரிலிருந்து தங்களுக்காகத் தணிக்கை செய்யும் ஒரு பெண்ணை அனுப்புவதாகவும், அவர் டோக்கன் அட்டையையும் ஆளையும் பார்த்துவிட்டு 'ஆள் உண்டு' என்று மட்டும் எழுதுவார் என்றும் சொன்னார். அப்படியே நடந்தது. பதினோராம் நாள் தணிக்கைக்காரப் பெண் வந்தார், இரண்டாம் மாடிக்குப் போனார், பத்து நிமிடம் பேசினார், போனார். பன்னிரண்டாம் நாள் எங்கள் கம்பெனி பட்டியலில் இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை மாதம் கழித்துப் படிவம் மாறி வந்தது. தமிழிலும் இருந்தது, 'சம்மதிக்கவில்லை' என்று இரண்டாவது கட்டமும் இருந்தது. புதுப் படிவத்தில் ஐம்பத்தோரு பேர் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தார்கள். கையெழுத்துப் போட்டிருந்த முப்பத்தேழில் நல்லான் உட்பட ஒன்பது பேரும் அதில் அடக்கம். ஆனால் முன்பே ஏறியிருந்த மற்றக் கம்பெனிப் பெயர்கள் அங்கேயே இருக்கின்றன. நித்தீசுக்கு இன்னும் தெரிகிறதாம். ஆயம்மாளின் குரல் பதிவுகளை அழிக்கச் சொல்லி எழுதியதற்கு, விதிப்படி பதிமூன்று மாதம் கழித்துத்தான் அழியும் என்று பதில் வந்தது. எந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு நாட்டின் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள்.

போய்ச் சொன்னேன். "பதிமூணு மாசமா," என்றார். "நானெல்லாம் அன்னன்னைக்கு அடுப்புல போடறன். அவியளுக்கு அடுப்பு இல்லியாட்ட இருக்குது."

இதை எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன். எழுதட்டுமா, பெயர் போடட்டுமா என்று. என்ன எழுதப் போகிறேன் என்று முழுக்கச் சொல்லச் சொன்னார். அந்தப் பெண்ணிடமும் கேட்டுவிட்டு வரச் சொன்னார். கேட்டேன், அவர் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று சொன்னார். பிறகு ஆயம்மாள், "என்ற பேரு போட்டுக்க. என்ற ஊரும் போட்டுக்க, கொமரலிங்கத்துல என்னைய ஆரும் தேடல. ரோட்டுப் பேரு மட்டும் வேண்டாம்," என்றார். அதனால்தான் அந்த லைன் வீடு எந்த ரோட்டில் இருக்கிறது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

ஆயம்மாளுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. அதே லைன் வீட்டில் இருக்கிறார். பதினாலு அறைகளும் நிறைந்திருக்கின்றன. எங்கள் பதிவேட்டில் 'உங்கள் போன் நம்பர்' என்றும் 'அவசரத்துக்கு எடுக்கும் ஆளின் நம்பர்' என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டாவது கட்டத்தில் நாற்பத்து மூன்று பேர் அவர் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கட்டத்திலும் அதே நம்பர் இருப்பது ஒரே ஒரு டோக்கனுக்கு. தணிக்கைக்கு வந்த பெண் பெயர் கேட்காமல் பார்த்துவிட்டுப் போன அந்த டோக்கன்காரர் இரண்டாம் மாடியில் வேலை செய்கிறார்.